‘ஹார்ட்லி’ என்றால் கடுமையாக அல்ல: நம்மைக் குழப்பும் ஆங்கில வினையடைகள்

மார்ச் நெருங்கினால் பெங்களூரு அலுவலகங்கள் பலவற்றில் எல்லாருக்கும் ஒரே வேலை. ஓராண்டில் என்னென்ன செய்தோம் என்று அவரவர் தன் மதிப்பீட்டை ஆங்கிலத்தில் எழுதி மேலாளருக்கு அனுப்ப வேண்டும். ஊதிய உயர்வு அதைப் பொறுத்தது. அப்படி எழுதும் மதிப்பீட்டில் இப்படி ஒரு வரி வருகிறது என்று வைத்துக்கொள்வோம்: ‘ஐ ஹார்ட்லி வொர்க்ட் ஆன் திஸ் ப்ராஜெக்ட்’.

எழுதியவர் சொல்ல வந்தது, இந்த ப்ராஜெக்டுக்காகக் கடுமையாக உழைத்தேன் என்பது. எழுதிய வரி சொல்வது, இந்த ப்ராஜெக்டில் நான் வேலை பார்த்தேன் என்றே சொல்ல முடியாது என்பது. இலக்கணத்தில் பிழை இல்லை, எழுத்துப் பிழையும் இல்லை. அதனால் கணினி சிவப்புக் கோடு போடாது. பொருள் மட்டும் தலைகீழாகிவிட்டது.

இதை எழுதியவரைக் குறை சொல்வதற்கில்லை. பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொடுத்த விதியை அவர் சரியாகத்தான் பின்பற்றினார். கோளாறு அந்த விதியில் இருக்கிறது. அதோடு, ஆங்கிலம் இரண்டு சொல் வைத்திருக்கும் சில இடங்களில் தமிழ் ஒரே சொல்லை வைத்து வேலையை முடித்துவிடுகிறது. குழப்பம் பெரும்பாலும் இந்த இரண்டு வழியாகத்தான் வருகிறது. வழி தெரிந்துவிட்டால் அதிலிருந்து வெளியே வரத் தமிழே உதவுகிறது.

‘ஆக’ போல ‘லி’ என்ற விதி

பெயரைச் சிறப்பித்து வருவது பெயரடை: அழகான பாட்டு. வினையைச் சிறப்பித்து வருவது வினையடை: அழகாகப் பாடினாள். தமிழில் ‘ஆன’ என்பதை ‘ஆக’ என்று மாற்றினால் பெரும்பாலும் வேலை முடிந்தது. இதற்கு ஈடாக ஆங்கிலத்தில் ‘லி’ சேர்க்கவேண்டும் என்று நமக்குச் சொல்லித்தந்தார்கள். ஸ்லோ என்றால் மெதுவான, ஸ்லோலி என்றால் மெதுவாக. நூற்றுக்கணக்கான சொற்களுக்கு இது பொருந்தும். மூன்று இடத்தில் பொருந்தாது.

1. ‘லி’ இல்லாமலே வினையடையாக நிற்கும் சொற்கள் உண்டு. ‘ஃபாஸ்ட்’ அப்படிப்பட்டது. வேகமான காரும் ஃபாஸ்ட், வேகமாக ஓடுவதும் ஃபாஸ்ட். ‘ஃபாஸ்ட்லி’ என்று இன்றைய ஆங்கிலத்தில் யாரும் எழுதுவதில்லை. தமிழிலும் இப்படி உண்டு: உரக்கப் பேசு, நிறையச் சாப்பிடு. இங்கே ‘ஆக’ எங்கே இருக்கிறது?

2. ‘லி’ இருந்தும் பெயரடையாக நிற்கும் சொற்கள் உண்டு. ஃப்ரெண்ட்லி, லவ்லி, லோன்லி. ‘அவர் ஃப்ரெண்ட்லியா பேசினார்’ என்பதை அப்படியே ஆங்கிலத்தில் போட முடியாது. ‘இன் எ ஃப்ரெண்ட்லி வே’ என்று சுற்றித்தான் சொல்ல வேண்டும்.

3. இரண்டு வடிவமும் வினையடையாக இருந்து, பொருள் மட்டும் வேறாக இருக்கும் சொற்கள் உண்டு. நம்மைக் கவிழ்ப்பவை இவைதான்.

நம் பேச்சு இன்னொரு பக்கத்திலிருந்தும் தள்ளுகிறது. ‘லேட்டா வந்தான்’, ‘ஃபாஸ்டா போ’, ‘ஹார்டா உழைச்சான்’ என்று ஆங்கிலச் சொல்லோடு நம் ‘ஆ’வை ஒட்டியே பேசிப் பழகிவிட்டோம். ஆங்கிலத்தில் எழுத உட்கார்ந்ததும் அந்த ‘ஆ’ இருந்த இடம் காலியாக இருப்பது போலக் கைக்குத் தோன்றுகிறது. கை தானாக ‘லி’யைப் போட்டுவிடுகிறது.

ஒரே வேர், இரண்டு வடிவம்: எப்படி வந்தது?

ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஆங்கிலத்தில், பெயரடையின் கடைசியில் ‘எ’ என்ற ஒலியைச் சேர்த்தால் வினையடை. இன்னொரு வழியும் இருந்தது. ‘லிக்’ என்றால் உடல், உருவம். அதிலிருந்து வந்த ஒட்டுதான் இன்றைய ‘லி’. ஒன்றின் வடிவில், ஒன்றைப் போல என்பது அதன் பழைய பொருள். ‘லைக்’ என்ற சொல்லும் அதற்கு உறவு. நம் ‘ஆக’வும் ஒரு காலத்தில் தனிச்சொல்தான், ‘ஆகு’ என்ற வினையிலிருந்து வந்தது. இரண்டு மொழியும் இந்த ஒட்டை ஒரு முழுச்சொல்லைத் தேய்த்தே செய்துகொண்டன.

இடைக்காலத்தில் ஆங்கிலச் சொற்களின் கடைசியில் இருந்த அந்த ‘எ’ மெல்ல உதிர்ந்துபோனது. உடனே ஹார்ட், ஃபாஸ்ட், லேட் போன்றவற்றில் பெயரடைக்கும் வினையடைக்கும் வேறுபாடு காணாமல் போயிற்று. பக்கத்திலேயே ‘லி’ சேர்ந்த வடிவமும் புழக்கத்தில் இருந்தது. ஒரே வேலைக்கு இரண்டு சொல் எதற்கு? சில இடங்களில் ஒன்று மறைந்தது. சில இடங்களில் இரண்டும் வேலையைப் பிரித்துக்கொண்டன. பழைய வடிவம் நேர்ப்பொருளை வைத்துக்கொள்ள, ‘லி’ வடிவம் கொஞ்சம் விலகி வேறு பொருளுக்குப் போய்விட்டது.

பொருள் விலகிய சோடிகள்

1. ஹார்ட், ஹார்ட்லி

ஹார்ட் என்றால் கடுமையாக: உழைப்பது, மழை பெய்வது, அடிப்பது எல்லாவற்றுக்கும் இதுதான். ஹார்ட்லி என்பதும் முதலில் கடுமையாக என்றே இருந்தது. அப்புறம் ‘சிரமப்பட்டு’ என்று ஆனது. சிரமப்பட்டு நடப்பது அபூர்வமாகத்தானே நடக்கும்? 16ஆம் நூற்றாண்டு வாக்கில் ‘கிட்டத்தட்ட இல்லை’ என்ற பொருளுக்கு வந்து சேர்ந்துவிட்டது.

இந்தப் பயணம் தமிழருக்குப் புதிதல்ல. ‘அரிது’ என்ற நம் சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். செய்வது கடினம் என்றாலும் அரிது, அபூர்வம் என்றாலும் அரிது. கடினமும் அபூர்வமும் ஒரே சொல்லுக்குள் பக்கத்துப் பக்கத்தில் குடியிருக்கின்றன. ஹார்ட்லியைப் பார்க்கும்போதெல்லாம் ‘அரிதாக’ என்று நினைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

இன்னொன்று: ஹார்ட்லிக்குள் ஏற்கனவே ஒரு ‘இல்லை’ ஒளிந்திருக்கிறது. அதனால் அதோடு ‘நாட்’ சேர்க்கக் கூடாது. ‘ஹார்ட்லி எனிஒன் கேம்’ என்றால் ஆள் வந்ததே குறைவு என்று பொருள். அங்கே ‘டிடின்ட்’ போட்டால் இரண்டு இல்லை சேர்ந்துவிடும்.

2. லேட், லேட்லி

லேட் என்றால் தாமதமாக. லேட்லி என்றால் சமீப காலமாக. இரண்டுக்கும் காலத்தோடு தொடர்பு இருப்பதால்தான் கலந்துவிடுகிறது. சில்க் போர்டு சந்திப்பில் மாட்டிக்கொண்டு அலுவலகத்துக்கு நேரம் கழித்து வந்தவர் ‘ஐ கேம் லேட்லி’ என்று எழுதினால், படிப்பவருக்கு அது அரைகுறையாக நிற்கும். சமீபத்தில் வந்தாரா, எங்கே வந்தார் என்று தேடுவார். லேட்லி பெரும்பாலும் ‘ஹேவ்’, ‘ஹேஸ்’ வரும் வாக்கியத்தில்தான் இயல்பாக உட்காரும்: ‘ஐ ஹேவ் பீன் கமிங் லேட் லேட்லி’. கொஞ்ச நாளாகவே தாமதமாகத்தான் வருகிறேன். ஒரே வாக்கியத்தில் இரண்டும் தத்தம் வேலையைப் பார்க்கின்றன, பாருங்கள்.

3. நியர், நியர்லி

இது தமிழருக்கு மிகச் சுலபம். நியர் என்றால் கிட்ட. நியர்லி என்றால் கிட்டத்தட்ட. ஆங்கிலம் பிரித்த அதே கோட்டில் தமிழும் பிரித்திருக்கிறது. தூரம் என்றால் கிட்ட, அளவு என்றால் கிட்டத்தட்ட.

நியர்லி வினையோடு வரும்போது மட்டும் கொஞ்சம் கவனம் வேண்டும். ‘ஐ நியர்லி ஃபெல்’ என்றால் அவர் விழவில்லை. நம் பேச்சில் ‘விழப் பார்த்தேன்’ என்கிறோமே, அதுதான். இதே கணக்கில் ‘வீ நியர்லி ஃபினிஷ்ட்’ என்றால் வேலை முடியவில்லை. முடிந்துவிட்டது என்று வாடிக்கையாளர் நினைத்துக்கொள்வார் என எண்ணி அப்படி எழுதினால், அவர் கேட்கும் அடுத்த கேள்வி ‘மீதி எப்போது?’ என்பதாகத்தான் இருக்கும்.

4. ஃப்ரீ, ஃப்ரீலி

ஃப்ரீ என்றால் காசில்லாமல். ஃப்ரீலி என்றால் தடையில்லாமல். கர்நாடகத்தில் 2023 ஜூன் 11 அன்று தொடங்கிய சக்தி திட்டத்தில், மாநிலப் பெண்கள் அரசுப் போக்குவரத்துக் கழகங்களின் சாதாரணப் பேருந்துகளில் கட்டணமில்லாமல் போகிறார்கள். அதைச் சொல்ல ‘ட்ராவல் ஃப்ரீ’. டிக்கெட் காசுக்காக வீட்டில் யாரையும் கேட்க வேண்டியதில்லை, நினைத்த இடத்துக்குப் போய்வரலாம் என்ற பலனைச் சொல்ல ‘ட்ராவல் ஃப்ரீலி’. முதலாவது பயணச் சீட்டைப் பற்றியது, இரண்டாவது வாழ்க்கையைப் பற்றியது.

மற்றவை சின்னச் சின்னதாக: ஹை என்றால் உயரத்தில், ஹைலி என்றால் மிகவும். மோஸ்ட் என்றால் எல்லாவற்றையும் விட அதிகமாக, மோஸ்ட்லி என்றால் பெரும்பாலும். ஷார்ட்லி என்றால் சுருக்கமாக அல்ல, சற்று நேரத்தில். ‘சுருக்கமாகச் சொன்னால்’ என்பதற்கு ‘இன் ஷார்ட்’ அல்லது ‘ப்ரீஃப்லி’ தான் சரி.

தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் இரண்டு

இனி வருபவற்றில் ‘லி’க்கு வேலை இல்லை. தமிழ் ஒரே சொல்லில் முடித்துவிடுவதால் வரும் தடுமாற்றம் இது.

1. முன்: அகோ, பிஃபோர்

‘ரெண்டு மாசத்துக்கு முன்னாடி சொன்னேன்.’ இந்த ‘முன்னாடி’ இன்றிலிருந்து பின்னோக்கி எண்ணுகிறதா, வேறொரு நாளிலிருந்து எண்ணுகிறதா? தமிழில் சூழலை வைத்துப் புரிந்துகொள்வோம். ஆங்கிலம் சொல்லையே மாற்றுகிறது. இன்றிலிருந்து எண்ணினால் அகோ. வேறொரு நிகழ்ச்சியிலிருந்து எண்ணினால் பிஃபோர்.

இதில் பணமும் போகலாம். பெங்களூரில் 10 மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்பது பழைய வழக்கம். காலி செய்யும்போது அது முழுதாகத் திரும்பி வரவேண்டும் என்பதுதான் குடியிருப்பவரின் கவலை. ஒப்பந்தத்தில் இரண்டு மாதம் முன்னறிவிப்பு என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். குடியிருப்பவர் ஜூன் 1 அன்று சொன்னார். ஆகஸ்ட் 1 அன்று காலி செய்யும்போது உரிமையாளருக்கு ஆங்கிலத்தில் எழுதுகிறார்: ‘ஐ இன்ஃபார்ம்ட் யூ டூ மன்த்ஸ் பிஃபோர்’. எதற்கு இரண்டு மாதம் முன்பு? ஒப்பந்தம் முடியும் நாள் ஆகஸ்ட் 31 என்றால், அதற்கு இரண்டு மாதம் முன்பு சொன்னதாகப் படித்து, ஜூன் கடைசியில்தான் சொன்னார், முன்னறிவிப்பு ஒரு மாதம்தான் என்று உரிமையாளர் எடுத்துக்கொள்ள இடம் இருக்கிறது. ‘டூ மன்த்ஸ் அகோ’ என்றோ, அதைவிட நல்லதாக ‘ஆன் ஜூன் ஒன்’ என்றோ எழுதியிருந்தால் பேச்சுக்கே இடமில்லை.

கன்னடம் பேசிப் பழகியவர்களுக்கு இங்கே ஒரு கைவிளக்கு உண்டு. இன்றிலிருந்து பின்னோக்கி எண்ணும்போது கன்னடத்தில் ‘எரடு திங்கள ஹிந்தே’ என்பார்கள். ஹிந்தே என்றால் பின்னால். கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு என்றால் ‘முஞ்சே’. நாம் கடந்த காலத்தை ‘முன்’ என்கிறோம், அவர்கள் ‘பின்’ என்கிறார்கள்! ஹிந்தே வரும் இடத்தில் அகோ, முஞ்சே வரும் இடத்தில் பிஃபோர் என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் தவறாது.

2. இன்னும்: ஸ்டில், யெட்

‘இன்னும் இருக்கிறார்’ என்றால் ஸ்டில். ‘இன்னும் வரவில்லை’ என்றால் பெரும்பாலும் யெட். நடந்துகொண்டிருப்பது தொடர்கிறது என்றால் ஸ்டில். எதிர்பார்த்தது நடக்கவில்லை என்றால் யெட். கேள்வியிலும் யெட் தான்: ‘வந்துவிட்டாரா?’ என்பதில் தமிழில் ‘இன்னும்’ இல்லாவிட்டாலும் ஆங்கிலத்தில் ‘ஹேஸ் ஹி கம் யெட்?’ என்று கடைசியில் அது வந்து நிற்கும்.

‘இன்னும் வரவில்லை’ என்பதற்கு ஸ்டில் போடுவதும் தவறில்லை, ஆனால் குரல் மாறும். ‘தி ரிப்போர்ட் ஹேஸின்ட் கம் யெட்’ என்பது வெறும் தகவல். ‘தி ரிப்போர்ட் ஸ்டில் ஹேஸின்ட் கம்’ என்பதில் பொறுமை போய்விட்டது தெரியும். நாம் ‘இன்னுமா வரல?’ என்று இழுப்போமே, அந்த இழுப்பு அந்த ஸ்டில்லில் இருக்கிறது. மேலதிகாரிக்கு எழுதும்போது எது வேண்டும் என்று யோசித்துப் போடுவது நல்லது.

3. ரொம்ப: வெரி, டூ

அதிகம் என்றால் வெரி. அளவுக்கு மீறி, அதனால் சரிப்படாது என்றால் டூ. ‘வாடகை வெரி ஹை’ என்றால் அதிகம்தான், ஆனாலும் எடுத்துக்கொள்ளக்கூடும். ‘வாடகை டூ ஹை’ என்றால் வேண்டாம் என்று சொல்லியாயிற்று. வாக்கியத்துக்குப் பின்னால் ‘அதனால் முடியாது’ என்று சேர்த்துப் பாருங்கள். பொருந்தினால் டூ, பொருந்தாவிட்டால் வெரி. ‘சாப்பாடு டூ குட்’ என்று நமக்குள் பாராட்டிக்கொள்வது வேறு விஷயம், அது எல்லாருக்கும் புரிகிறது.

4. கடைசியில்: லாஸ்ட்லி, அட் லாஸ்ட்

நன்றியுரையில் அடிக்கடி கேட்கும் தவறு இது. வரிசையில் கடைசி என்றால் ‘லாஸ்ட்லி’ அல்லது ‘ஃபைனலி’. அட் லாஸ்ட் என்றால் ‘ஒருவழியாக’. ‘அட் லாஸ்ட், ஐ தாங்க் மை டீம்’ என்றால், குழுவுக்கு நன்றி சொல்ல நெடுநாள் காத்திருந்து ஒருவழியாக வாய்த்தது போல ஆகிவிடும்.

5. தான்: ஒன்லி

‘ஆபீஸ்லதான் இருக்கேன்’ என்பதை ‘ஐ ஆம் இன் ஆஃபீஸ் ஒன்லி’ என்கிறோம். பெங்களூரில் இது தமிழருக்கு மட்டும் சொந்தமல்ல. கன்னடத்தின் ‘ஆஃபீஸல்லே’ என்பதில் உள்ள ஏகாரமும், இந்தியின் ‘ஹீ’யும் இதே வேலையைச் செய்கின்றன. அதனால் இந்த ஊரில் யார் யாரிடம் சொன்னாலும் புரியும். ஊருக்குள் இதைப் பிழை என்று திருத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. மூன்று மொழிக்காரர்கள் சேர்ந்து உண்டாக்கிய வழக்கு அது, அதற்கு உள்ளே ஓர் ஒழுங்கும் இருக்கிறது.

வெளியூர்க்காரர் படிக்கும் கடிதத்தில்தான் சிக்கல். அவருக்கு ஒன்லி என்றால் ‘மட்டும்’ அல்லது ‘வெறும்’. ‘ஹி இஸ் தி டெவலப்பர் ஒன்லி’ என்று எழுதினால், அவர்தான் அந்த டெவலப்பர் என்ற அழுத்தம் போய், அவர் வெறும் டெவலப்பர் என்ற இளக்காரம் வந்துவிடும். சோதனை எளிது: ‘தான்’ இருக்கும் இடத்தில் ‘மட்டும்’ என்று போட்டுப் பாருங்கள். பொருள் மாறாவிட்டால் ஒன்லி போடலாம். மாறினால் ஒன்லியை எடுத்துவிடுங்கள். காலத்தைச் சொல்லும்போது மட்டும் இந்தச் சோதனை உதவாது: ‘நேற்றுதான் அனுப்பினேன்’ என்பதற்கு ‘ஒன்லி எஸ்டர்டே’ அல்லது ‘ஜஸ்ட் எஸ்டர்டே’ என்று முன்னால் வைத்தால் போதும்.

ஆங்கிலேயருக்கும் அமெரிக்கருக்கும் ஒத்துவராதவை

சில சொற்களில் குழப்பம் நம்முடையதே அல்ல. லண்டனிலும் நியூயார்க்கிலும் வாடிக்கையாளர் வைத்திருக்கும் ஒயிட்ஃபீல்டு, எலக்ட்ரானிக் சிட்டி அலுவலகங்களுக்கு இவை முக்கியம்.

‘க்வைட் குட்’ என்றால் பிரிட்டனில் பெரும்பாலும் ‘பரவாயில்லை’. அமெரிக்காவில் ‘நன்றாகவே இருக்கிறது’. லண்டன்காரர் அப்படிச் சொன்னால் இன்னும் மெருகேற்ற இடம் இருக்கிறது என்று எடுத்துக்கொள்வது பாதுகாப்பு.

‘ஹோப்ஃபுலி’ என்றால் நம்பிக்கையோடு என்பது பழைய பொருள். ‘நடக்கும் என்று நம்புவோம்’ என்ற பொருளில் எழுதக் கூடாது என்று நெடுங்காலம் சண்டை நடந்தது. அமெரிக்கச் செய்தி நிறுவனமான அசோசியேட்டட் பிரஸ்ஸின் நடைக்கையேடு 2012இல் அந்தப் பொருளை ஏற்றுக்கொண்டது. தயங்காமல் எழுதலாம்.

‘ப்ரெசென்ட்லி’ நம் வேலை விண்ணப்பங்களில் ‘தற்போது’ என்ற பொருளில் வருகிறது. அமெரிக்கர் அப்படியே படிப்பார். பிரிட்டனில் பழைய தலைமுறைக்கு அது ‘இதோ, சற்று நேரத்தில்’. ‘கரன்ட்லி’ என்று போட்டுவிட்டால் எங்கும் பிரச்சினை இல்லை.

உண்மையில் ஆபத்தானது ‘மொமென்டரிலி’. பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் இதன் பொருள் ‘கணநேரத்துக்கு’. அமெரிக்கர் ‘கணநேரத்தில், இதோ’ என்ற பொருளிலும் சொல்வார்கள். இரவு ஷிஃப்டில் இருக்கும் பொறியாளர் ஒருவர் ‘தி சர்வர் வில் பி டவுன் மொமென்டரிலி’ என்று இரு நாட்டுக்கும் சேர்த்து ஓர் அறிவிப்பு அனுப்புகிறார். லண்டனில் படிப்பவர், கொஞ்ச நேரம் நின்று வந்துவிடும் என்று தன் வேலையைத் தொடர்கிறார். நியூயார்க்கில் படிப்பவர், இதோ நிற்கப்போகிறது, எவ்வளவு நேரம் என்று தெரியாது என்று பதறி எல்லாவற்றையும் சேமித்து மூடுகிறார். எப்போது நிற்கும், எவ்வளவு நேரம் நிற்கும் என்ற இரண்டு கேள்வியில் எதற்கும் அந்தச் சொல் உறுதியான பதில் தரவில்லை. அங்கே தேவை வினையடை அல்ல, எண்: இரவு 11 மணிக்கு நிற்கும், 10 நிமிடம் நிற்கும். இரண்டு ஊர் நேரத்தையும் பக்கத்தில் போட்டுவிட வேண்டும்.